பேசுக அலமாரி

1. பனியில் ஒரு முதல் நாள்

நான் வேலையில் சேர்ந்த அன்று ஓசூரில் பனி இறங்கியிருந்தது. காலை ஒன்பது மணி ஆகியும் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்து ஊரிலிருந்து கிருஷ்ணகிரி வந்து, அங்கே பஸ் மாறி, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நியமன உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆபீஸ் எங்கே என்று கேட்டதற்கு ஒருவர் தெலுங்கில் வழி சொன்னார். பக்கத்தில் நின்றவர் அதைக் கன்னடத்தில் திருத்தினார். இரண்டையும் கலந்து ஒரு வழியாக நடந்தேன். சாலையில் லாரிகளின் விளக்குகள் மட்டும் மிதந்து வந்தன. ஒரு கட்டிடம் பனிக்குள்ளிருந்து மெல்ல எழுந்து வந்தது. அதுதான் எங்கள் ஆபீஸ்.

அது எழுபதுகளின் கடைசி. தொழிற்பேட்டை அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. பாதி நிலத்தில் கேழ்வரகு, பாதி நிலத்தில் தகர ஷெட். எங்களுடையது வாடகைக் கட்டிடம். பின்னால் யூகலிப்டஸ் மரங்கள், முன்னால் சாய்மானம் இல்லாத ஒரு மர பெஞ்ச். பார்க்க வருகிறவர்கள் அதில்தான் உட்கார வேண்டும்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்கு எதை வேண்டுமானாலும் அனுப்பிவிட முடியாது. சில பொருட்களுக்கு அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். தப்பான கைக்குப் போனால் ஆபத்து என்று நினைக்கிற பொருட்களுக்கு இன்னும் கடுமையான விதி. சுற்றுவட்டாரக் கம்பெனிகளின் விண்ணப்பங்களை வாங்கி, இடத்தைப் போய்ப் பார்த்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு குறிப்பு எழுதி டெல்லிக்கு அனுப்புவது எங்கள் கிளையின் வேலை. தீர்மானிப்பது டெல்லி.

என்னை விண்ணப்பங்களைப் பதிவு செய்யும் சீட்டில் போட்டார்கள். விண்ணப்பத்தில் ‘எந்தத் துறைமுகம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். மொம்பாசா, ஆன்ட்வெர்ப், பினாங்கு. அதுவரை நான் கடலையே பார்த்ததில்லை. ஒவ்வொரு பேரையும் லெட்ஜரில் ஏற்றிவிட்டு ஜன்னலைப் பார்ப்பேன். பனி மூடிய யூகலிப்டஸ் மரங்கள் பாய்மரங்களாகத் தெரியும். கிரைண்டிங் மெஷின் சத்தம் தூரத்தில் கப்பல் சங்காகக் கேட்கும். “சரோஜா, மறுபடியும் கப்பல் ஏறிட்டியா?” என்று டெஸ்பாட்ச் சீட்டில் இருந்தவர் கேட்பார். எனக்கு அது கேலியாகவே படாது. ஏறித்தான் இருப்பேன்.

இந்தக் கனவுப் பழக்கத்தைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அது ஒரு மனுஷனுக்கு எவ்வளவு கெடுதல் செய்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2. எண்ணிக்கையில் வராத பைல்கள்

ஆபீசில் நான் முதலில் கற்றுக்கொண்ட ஆங்கிலம் ‘ப்ளீஸ் ஸ்பீக்’. பைலை அதிகாரிக்கு அனுப்புவோம். கையெழுத்துப் போட அவருக்கு மனசு வராது. மறுக்கவும் தைரியம் வராது. அப்போது நோட் ஷீட்டின் ஓரத்தில் பச்சை மையில் அந்த இரண்டு வார்த்தையை எழுதித் திருப்பிவிடுவார். வந்து நேரில் பேசு என்று அர்த்தம். கலெக்டர் ஆபீஸ்களில் இதையே ‘பேசுக’ என்று தமிழில் எழுதுவார்கள். நாங்களும் வாயால் சொல்லும்போது ‘பேசுக பைல்’ என்போம்.

போய்ப் பேசுவோம். அவர் சந்தேகத்தைச் சொல்வார். “இருக்கட்டும், பாக்கலாம்” என்பார். திரும்பி வந்து பைலை ஒரு பச்சை இரும்பு அலமாரியில் வைப்போம். பேசியது எதுவும் பைலில் ஏறாது. விண்ணப்பம் போட்டவருக்கும் போகாது. நான் சேர்வதற்கு முன்பே இருந்த வழக்கம் இது. எந்த அதிகாரி மாறி வந்தாலும் அலமாரி மாறவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மாதக் கடைசியில் டெல்லிக்கு பென்டிங் ஸ்டேட்மென்ட் அனுப்ப வேண்டும். முடிக்காமல் எத்தனை பைல் நிற்கிறது என்ற கணக்கு. எங்கள் வழக்கப்படி பேசுக பைல் அந்தக் கணக்கில் வராது. அது நிற்கவில்லை, பேச்சில் இருக்கிறது. ஆகவே மாதா மாதம் எங்கள் ஸ்டேட்மென்டில் ‘நில்’, அதாவது ஒன்றுமே பாக்கியில்லை, என்றுதான் போகும். அதைத் தயாரிப்பது நான். அழகாகக் கோடு போட்டு, நடுவில் ‘நில்’ என்று எழுதுவேன். ஒருமுறை மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதமே வந்தது. அதை வீட்டில் காட்டி வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொண்டாடினோம்.

அலமாரியின் கதவு சரியாக மூடாது. ஒரு அட்டையை மடித்துச் சொருகி வைத்திருந்தோம்.

3. பச்சை பம்ப்

இப்படியே வருஷங்கள் போய், தொண்ணூறுகளின் நடுவில் நான் ஹெட் கிளார்க் ஆகியிருந்தேன். எங்கள் அதிகாரி நடராஜன் சார், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சாந்தமான மனிதர். லஞ்சம் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. குளிர் மட்டும் ஆகாது. மே மாதத்திலும் மப்ளர் கட்டியிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் கரீம் பாயின் விண்ணப்பம் வந்தது. கிருஷ்ணகிரி வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, வியாபாரம் பிடிக்காமல், ஓசூரில் ஒரு பெரிய ஃபாக்டரியில் வருஷக்கணக்கில் ஃபிட்டராக இருந்தவர். பிறகு தனியாக ஒரு பட்டறை போட்டார். எட்டுப் பேர் வேலை செய்தார்கள். வேக்குவம் பம்ப் செய்வார். ஒரு கலனுக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிற பம்ப் அது. பால் பவுடர் செய்ய, மருந்து காய்ச்ச, மாம்பழக்கூழைக் கெட்டியாக்க, எல்லாவற்றுக்கும் வேண்டும். ஆயுதம் செய்கிற மாதிரி வேறு சில காரியங்களுக்கும் ஆகும். அதனால் ஒரு அளவுக்கு மேல் பெரிதாக இருந்தால் வெளிநாட்டுக்கு அனுப்ப லைசென்ஸ் கட்டாயம். கரீம் பாயின் பம்ப் அந்த அளவைத் தாண்டியிருந்தது.

நடராஜன் சாரும் நானும் ஜீப்பில் பட்டறைக்குப் போனோம்.

“வாங்க சார், வாங்கம்மா. பர்ர் கெடக்கும், பாத்துக் கால வைங்க” என்று கரீம் பாய் முன்னால் ஓடி இரும்புச் சுருள்களைக் காலால் ஒதுக்கினார். ஒரு ஆளிடம் கன்னடத்தில் நாற்காலி கேட்டார். இன்னொரு ஆளிடம் தெலுங்கில் டீ சொன்னார். நடுவில் பம்ப் நின்றது. பாதிதான் முடிந்திருந்தது. ஆனாலும் அதற்குள் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். தகரக் கூரையின் ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் அது நனைந்த இலை மாதிரி இருந்தது.

“இவ்ளோ பெருசு இங்க யாருமே செஞ்சதில்லிங்க சார். இது ஒண்ணு கப்பல் ஏறிட்டா போதும். அப்புறம் நான் யாருகிட்டயும் போயி நிக்க வேண்டியதில்ல” என்றார்.

“எந்தத் துறைமுகம் பாய்?” என்று நான் கேட்டேன். விண்ணப்பத்தில் இருந்ததுதான். அவர் வாயால் கேட்க ஆசை.

“துபாய்ங்கம்மா. அங்கருந்து எங்கயோ உள்ள போவுதாம்.”

எனக்கு அன்றைக்கு முழுவதும் அந்தப் பச்சை பம்ப் கப்பல் தளத்தில் உட்கார்ந்து போவதே மனசில் ஓடியது.

மறுநாள் பைல் திரும்பி வந்தது. ஓரத்தில் ‘ப்ளீஸ் ஸ்பீக்’. உள்ளே போனேன்.

“வாங்கப் போறவன் ஒரு டிரேடர், சரோஜா. அவன் யாருக்கு விக்கப் போறான்னு எங்கயும் இல்ல. தபால் பெட்டி நம்பர் ஒண்ணுதான் இருக்கு. இந்த சைஸ் பம்ப் தப்பான எடத்துக்குப் போனா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாது” என்றார்.

“பார்ட்டிக்கு ஒரு லெட்டர் போட்டுக் கேக்கலாமா சார்?”

“கேட்டா பதில் எழுதுவான். பதில் வந்தா நான் ஒரு முடிவு எழுதணும்.” மப்ளரை இழுத்துச் சரி செய்தார். “பழைய ஆபீஸ்ல இப்படித்தான் ஒருத்தனுக்குக் காரணம் எழுதி மறுத்தேன். கோர்ட்டுக்குப் போயிட்டான். ஆறு வருஷம் கூண்டுல நின்னேன்மா. கடைசியில நான் எழுதுனதுதான் சரின்னாங்க. அதுக்குள்ள ரெண்டு புரமோஷன் போச்சு. கெடக்கட்டும்.”

பைலை எடுத்துக்கொண்டு வந்து அலமாரியில் வைத்து, அட்டையைச் சொருகினேன்.

4. பெஞ்ச்

கரீம் பாய் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வருவார். பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொள்வார். நான் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்ததும் எழுந்து வருவார்.

“என்னாங்கம்மா, நம்மளுது?”

“பரிசீலனையில இருக்குங்க பாய்.”

“சரிங்கம்மா.”

அவ்வளவுதான் பேச்சு. பைல் டெல்லிக்குப் போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். போகவில்லை என்று நான் சொல்லவில்லை. அது என் முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் அலமாரியில் இருந்தது.

எனக்குக் காரணம் தெரியும். ஆனால் அது பேச்சு. ஆபீஸ் அறைக்குள் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்று நான் சேர்ந்த வாரமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைப் பெரிய கௌரவமாக நினைத்திருந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது நான் என்ன செய்வேன் தெரியுமா? ஜன்னலைப் பார்ப்பேன். அந்த பம்ப் கடலில் போய்க்கொண்டிருக்கும். நீல அலை, வெள்ளைப் பறவைகள், தளத்தில் பச்சையாக பம்ப். அது எப்படியும் போய்விடும் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. கனவில் அதை அனுப்பிக்கொண்டே இருந்ததால் நிஜத்தில் அது நிற்பது எனக்கு உறைக்கவில்லை.

பனிக்காலம் போனது. யூகலிப்டஸ் பட்டை உரிந்து விழுந்தது. கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வருகிறவர்கள் மாம்பூ வாசம் தூக்குகிறது என்றார்கள்.

ஒருநாள் வந்தபோது அவர் முகத்தில் கொஞ்சம் சோர்வு. “பார்டர் தாண்டி ஒரு பால் பண்ணையில இருந்து வந்தாங்கம்மா. சின்ன பம்ப் ஆறு கேட்டாங்க. என்கிட்ட உள்பக்கம் கடையற பெரிய போரிங் மெஷின் ஒண்ணுதான இருக்கு. அதுல நம்ம பெரிய பம்ப மாட்டி வெச்சிருக்கறன். லைசென்ஸ் வந்த ஒடனே ஒரே மாசத்துல முடிச்சி அனுப்பணும். எறக்கிட்டா மறுபடி மாட்டி லெவல் எடுக்க நாளாவும். முடியாதுன்னு சொல்லிட்டேன். சரியாப் பண்ணனாம்மா?”

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ‘இறக்கிடுங்க பாய், பால் பண்ணை வேலைய எடுத்துக்கங்க’ என்று ஒரே ஒரு வரி. “பரிசீலனையில இருக்குங்க” என்று சொன்னேன்.

மாங்காய் பறிக்கிற சமயத்தில் இரண்டு வாரம் அவர் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார். சட்டை கசங்கி, கண் சிவந்து இருந்தது.

“டெல்லிக்குப் போயிருந்தன்மா” என்றார். “பெங்களூர்ல ரயில் ஏறி ரெண்டு நாளு. அந்த ஆபீசக் கண்டுபுடிக்கவே ஒரு நாளு. கவுன்டர்ல ஒரு அம்மா ரிஜிஸ்டர் எல்லாம் பொரட்டிப் பாத்துது. ஓசூர்லருந்து அந்தப் பேர்ல ஒண்ணுமே வர்லியேன்னுது.”

என் கண் தானாக அலமாரிப் பக்கம் போனது.

“சண்ட போட வர்லம்மா. ஆர்டர் இந்த மாசத்தோட முடியுது. அஞ்சு பேர வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டன். குடுக்க முடியாதுன்னா முடியாதுன்னே எழுதிக் குடுங்க. ஏன்னு மட்டும் ஒரு வரி. என்னா தப்புன்னு தெரிஞ்சாத்தான நான் சரி பண்ண முடியும்?”

அவர் போன பிறகு ஜன்னலைப் பார்த்தேன். வெறும் மரம்தான் தெரிந்தது. கப்பல் வரவில்லை.

5. நோட் ஷீட்

அன்றைக்கு மத்தியானம் அலமாரியிலிருந்து அந்தப் பைலை எடுத்தேன். ‘ப்ளீஸ் ஸ்பீக்’ என்ற பச்சை எழுத்துக்குக் கீழே ஏழு மாதமாக வெற்றிடம். பேனாவை எடுத்து எழுதினேன்: ‘இன்ன தேதியில் பேசப்பட்டது. வாங்குபவர் ஒரு வியாபாரி என்றும், பம்பைக் கடைசியில் பயன்படுத்தப் போவது யார் என்று விண்ணப்பத்தில் இல்லை என்றும் அதிகாரி தெரிவித்தார். இது விண்ணப்பதாரரிடம் கேட்கப்படவில்லை.’ கீழே என் கையெழுத்து.

பேசிய தேதி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பட்டறைக்குப் போய் வந்த மறுநாள்.

எழுதி முடித்ததும் கை சும்மா இருக்கவில்லை. அலமாரியில் இருந்த மற்ற பைல்களையும் இறக்கி, ஞாபகம் இருந்தவற்றுக்கெல்லாம் பேசியதை எழுதினேன். மூன்று நாள் ஆனது. மாதக் கடைசி வந்தது. ஸ்டேட்மென்டில் கோடு போட்டு, வழக்கமாக ‘நில்’ எழுதுகிற இடத்தில் பைல் பேர்களை ஒவ்வொன்றாக எழுதினேன். இடம் போதாமல் இன்னொரு தாள் ஒட்டினேன்.

நடராஜன் சார் அந்தத் தாளைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். எங்கள் ஆபீசில் அதை யாரும் எப்போதும் படித்ததில்லை. ‘சார், இந்த மாசம் நில் இல்ல’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கரீம் பாயிடம் செய்ததையே அவரிடமும் செய்தேன். அந்த வருத்தம் தனி.

கரீம் பாய் பைலை மட்டும் அவர் மேஜையில் வைத்தேன். சாயங்காலம் கூப்பிட்டார்.

“என்னம்மா இது?”

“நீங்க சொன்னதுதான் சார்.”

“சொன்னத எழுதச் சொன்னேனா?”

“இல்ல சார்.”

நோட் ஷீட்டில் பக்க எண் போட்டிருக்கும். கிழிக்க முடியாது. அவர் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தை எதிர்பார்த்துப் போனேன். அவர் முகத்தில் இருந்தது பயம். “இனிமே நான் எதாவது எழுதித்தான் ஆகணும் இல்ல?” என்றார். பைல் அவர் மேஜையிலேயே கிடந்தது.

ஸ்டேட்மென்ட் போய்ச் சேர்ந்த மூன்று வாரத்தில் டெல்லியிலிருந்து ஒரு ஆய்வு அதிகாரி வந்துவிட்டார். பாலக்காட்டுக்காரர். நரைத்த முடி, கைத்தறிப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. தமிழ் நன்றாகப் பேசினார்.

“எத்தனை வருஷமா இந்த ஆபீஸ்ல நில்?” என்று என்னிடம் கேட்டார்.

“நான் சேந்ததுல இருந்தே மேடம்.”

“நான் அதை நம்பினேன். ஓசூரைப் பாருங்கள் என்று மற்ற ஆபீஸ்களிடம் சொல்லியிருக்கிறேன்.” சிரித்தார்.

அலமாரியைத் திறக்கச் சொன்னார். சொருகியிருந்த அட்டை கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைல்களைப் படிக்க உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. நடராஜன் சார் கதவோரம் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் அந்த அம்மா, சாரின் மேஜையில் கிடந்த கரீம் பாயின் பைலைத் தூக்கிப் பிடித்தார்.

“மிஸ்டர் நடராஜன், இது சரியான சந்தேகம். கேட்க வேண்டிய கேள்வி. எழுதியிருந்தால் உங்களைப் பாராட்டிவிட்டுப் போயிருப்பேன். உள்ளே வைத்துப் பூட்டிவிட்டீர்களே. யாருக்கு என்ன பிரயோஜனம்? நாட்டுக்குப் பாதுகாப்பா? அந்தப் பட்டறைக்காரருக்கு லாபமா?”

அன்று சாயங்காலமே நடராஜன் சார் உட்கார்ந்து, தன் கையாலேயே, கரீம் பாய்க்குக் கடிதம் எழுதினார். பம்பைக் கடைசியில் யார் எங்கே பயன்படுத்தப் போகிறார்கள் என்று அவர்களிடமே எழுத்தில் வாங்கித் தரவும். அது இல்லாமல் சிபாரிசு செய்ய இயலாது. இரண்டே வரி. கையெழுத்துப் போடுவதற்கு முன் மப்ளரை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது.

6. பதில்

கடிதத்தை எடுத்துக்கொண்டு கரீம் பாய் மறுநாளே வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. நேரே உள்ளே வந்தார்.

“இவ்ளோதானாம்மா? மூணு நாள் வேல. நான் என்னென்னவோ நெனச்சி பயந்துட்டன்” என்று சிரித்தார். ஆர்டர் தேதி முடிந்திருந்தாலும் துபாய்க்காரர் நீட்டித்துக் கொடுப்பார் என்று நம்பினார். பஸ் ஸ்டாண்ட் எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஃபேக்ஸ் அடித்தார்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். கையில் இரண்டு ஃபேக்ஸ் தாள்கள் சுருண்டிருந்தன. அன்று நடராஜன் சார் ஊரில் இல்லை. என் மேஜைக்கு எதிரே நாற்காலியைக் காட்டினேன். டீ வாங்கி வரச் சொன்னேன்.

“பேரச் சொல்ல மாட்டாங்களாம்மா” என்றார். “தேதியத் தள்ளித் தர்றாங்களாம். இன்னும் மூணு பம்புக்கு ஆர்டரும் தர்றாங்களாம். ஆனா எங்க போவுதுன்னு கேக்கக் கூடாதாம். ஆபீசுக்குக் காட்ட எதாவது ஒரு ஆஸ்பத்திரி பேர்ல லெட்டர் வேணும்னா செஞ்சி தர்றோம்னு ரெண்டாவது தாள்ல எழுதியிருக்கறாங்க.”

இரண்டு தாளையும் என் முன்னால் பிரித்து வைத்தார். ஓரம் சுருண்டு சுருண்டு மூடியது. கண்ணாடி பேப்பர் வெயிட்டை எடுத்து மேலே வைத்தேன்.

“என்னா பண்ணப் போறீங்க பாய்?”

“வேணாம்னு அடிச்சிட்டன்மா. நான் செஞ்ச பம்ப் எங்க நிக்குதுன்னு எனக்கே தெரியாதுன்னா அதுல எதுக்கு என் பேர் போட்ட பிளேட்டு? விண்ணப்பத்த வாபஸ் வாங்கிக்கறன். அதுக்குத்தான் வந்தன்.”

எழுதிக் கொண்டுவந்திருந்த கடிதத்தைக் கொடுத்தார். நான் முத்திரை போட்டு, தேதி எழுதினேன். நடராஜன் சாரின் சந்தேகம் முழுக்க முழுக்கச் சரி என்று அப்போது தெரிந்தது. எட்டு மாதம் முன்பே கேட்டிருந்தால், எட்டு மாதம் முன்பே இதே பதில் வந்திருக்கும். இதே மனுஷன் இதே மாதிரி வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

டீயைப் பாதி குடித்துவிட்டு அவர் கேட்டார். “இந்தச் சந்தேகம் ஆபீசுக்கு எப்பம்மா வந்திச்சி?”

“மொத வாரமே பாய்.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “அன்னைக்கே தெரியும்.”

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு லாரி கியர் மாற்றிப் போகிற சத்தம் கேட்டது.

“பால் பண்ணைக்காரங்க வந்துட்டுப் போனதச் சொன்னன் இல்ல. சரியாப் பண்ணனான்னு உங்களக் கேட்டன்” என்றார்.

“கேட்டீங்க.”

“ம்.”

டீயை முடித்தார். டம்ளரை மேஜை ஓரமாக, தாள்கள் நனையாத இடமாகப் பார்த்து வைத்தார். “வர்றங்கம்மா” என்று எழுந்து போனார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கேட்டைத் தாண்டி அவர் போகிற வரை பார்த்தேன். வெட்கத்தில் காது சுட்டது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் சுடுகிறது.

7. கப்பல் ஏறாத பம்ப்

அதற்குப் பிறகு எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் வந்தது. யார் ‘ப்ளீஸ் ஸ்பீக்’ எழுதினாலும், பேசிவிட்டு வந்த உடனே, பேசியதை அதற்குக் கீழேயே எழுத வேண்டும். விண்ணப்பதாரரைப் பற்றிய சந்தேகம் என்றால் ஒரு வாரத்துக்குள் அவருக்குக் கடிதம் போக வேண்டும். நடராஜன் சார்தான் அந்த ஆணையை டைப் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஓய்வு பெறும்வரை தன் சந்தேகங்களை நீளநீளமாக எழுதினார். அதில் ஒரு வழக்குக்கூட வரவில்லை. “எழுதி எழுதி எனக்குக் கை வலிதான் மிச்சம்மா” என்பார். மப்ளரை மட்டும் விடவில்லை.

சில வருஷம் கழித்து, ஒரு மாம்பழ சீசனில், வேறொரு விண்ணப்பத்துக்காகக் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபாக்டரிக்குப் போயிருந்தேன். வாசலில் நாகரசம்பட்டியிலிருந்து வந்த டிராக்டர்கள் வரிசையாக நின்றன. உள்ளே காற்று முழுக்க இனிப்பு. ஆவியும் மாம்பழ வாசமுமாக எதிரே நிற்கிற ஆள் மங்கலாகத் தெரிந்தார். என் முதல் நாள் பனி ஞாபகம் வந்தது. அந்த மஞ்சள் மூட்டத்துக்குள்ளே ஒரு ஓரத்தில் பச்சையாக ஒன்று நின்றுகொண்டு, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் போய் பிளேட்டைப் படித்தேன். கரீம் பாயின் பேர்தான்.

“அதேதாம்மா” என்று பின்னாலிருந்து குரல். சர்வீஸ் பார்க்க வந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. “பாதி வெலைக்குத்தான் போச்சி. ஆனா எங்க நிக்குதுன்னு தெரியுது பாருங்க. வருஷா வருஷம் வந்து பாத்துட்டுப் போறன்.”

“பட்டறை எப்படிப் போகுது பாய்?”

“மூணு பேர் இருக்கறம். போவுதுங்கம்மா.”

எட்டுப் பேர் மூன்று பேரானது என்னால். அப்படி அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். “அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும் பாய். தப்புப் பண்ணிட்டேன்.”

அவர் பம்பின் மேல் கையை வைத்து அதன் அதிர்வைக் கொஞ்ச நேரம் கவனித்தார். “ஆமாம்மா. சொல்லியிருக்கணும்” என்றார். பிறகு யாரையோ தெலுங்கில் கூப்பிட்டு, எனக்கு ஒரு டம்ளர் கூழ் கொண்டுவரச் சொன்னார். சூடாக இருந்தது. நின்றபடியே குடித்தேன்.

லைசென்ஸ் ஆபீஸ்களில் இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த பம்ப் எங்கே போயிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சந்தேகப்படுங்கள், மறுக்கவும் செய்யுங்கள். ஆனால் ஏன் என்பதை எழுதி, யாரைப் பற்றியதோ அவர் கையில் கொடுங்கள். ‘பேசுக’ என்று பைல் வந்தால் போய்ப் பேசுங்கள். திரும்பி வந்து, ஜன்னலைப் பார்ப்பதற்கு முன்னால், பேசியதை எழுதிவிடுங்கள். வெளியே பெஞ்சில் ஒருவர் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.